பொறுத்துக்கொள் என்று சொல்லும் முன்பு



குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட வந்திருந்த குமணன்சாவடிச் சகோதரி ஒருவரை அண்மையில் சந்தித்தோம். சிசேரியன் ஆன இடத்தில் பாவாடை நாடா பட்டாலே சுருக்கென்று குத்துகிறது என்றார். ஷேர் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வாராம். வீட்டில் சொன்னால், "பிள்ளை பெற்றவளுக்கு வலி இல்லாமலா?" என்கிறார்களாம்.

"பொறுத்துக்கொள்ளம்மா, நாளடைவில் சரியாகும்" என்று நாங்களும் சொன்னோம். அருகில் நின்ற பிசியோதெரபி சகோதரி, "ஐயா, இதற்குச் சிகிச்சை இருக்கிறதே" என்றார். வெட்கப்பட்டோம். இத்தனை ஆண்டுகளாக எத்தனை பேருக்கு இதே ஆறுதலைச் சொல்லி அனுப்பியிருப்போம்! ஆகையால் அவரிடம் கேட்டறிந்ததை உங்களுக்கும் எழுதுகிறோம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பிரசவங்கள் சிசேரியன் மூலம் நடந்தன. தமிழ்நாட்டிலோ அது ஏறக்குறைய 45. ஆகவே இது உங்கள் வீட்டு மகளுக்கும் மருமகளுக்கும் உரிய காரியம்.

வெளியே தெரிவது ஒரு கோடுதான். உள்ளேயோ தோல், கொழுப்பு, தசையை மூடிய உறை, வயிற்றின் உட்சவ்வு, கர்ப்பப்பை ஆகியவை திறக்கப்படுகின்றன. வயிற்றுத் தசைகள் பெரும்பாலும் வெட்டப்படாமல் இருபுறமும் விலக்கப்படுகின்றன. இயல்பாக ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரவேண்டிய இந்த அடுக்குகள், ஆறும்போது சில வேளைகளில் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் நிமிர்ந்தாலும் திரும்பினாலும் இழுக்கிறது. அறுபட்ட சிறு நரம்புகள் மெதுவாகத் தழைப்பதால் ஓரிடம் மரத்தும், ஓரிடம் தொடக்கூடாமல் கூசியும் இருக்கும்.

முதல் சில நாட்களிலேயே செய்யத்தக்கவை உண்டு. படுக்கையிலிருந்து நேராக எழும்பாமல், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழும்பவேண்டும். இருமும்போது தலையணையால் வயிற்றைத் தாங்கவேண்டும். முழங்காலை மடக்கிப் படுத்து, மெதுவாக மூச்சை இழுத்து, விடும்போது அடிவயிற்றை மென்மையாக உள்ளிழுக்கவேண்டும்.

தழும்பைக் கையாளுவது, காயம் முற்றும் ஆறி, மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பின்பே. பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். முதலாவது, கூச்சத்தைப் போக்குவது. பஞ்சினால் தழும்புக்குத் தூரத்தில் தடவத் தொடங்கி, நாளுக்கு நாள் அருகே வரவேண்டும். பிறகு மெல்லிய துணி, அதன்பின் துண்டு. அடுத்தது, தோலை நகர்த்துவது. இரண்டு மூன்று விரல்களின் நுனிச் சதையைத் தழும்பின்மேல் வைத்து மேலும் கீழும், பக்கவாட்டிலும், வட்டமாகவும் நகர்த்தவேண்டும். விரல் தோலின்மேல் வழுக்கக்கூடாது. தோலே விரலோடு நகரவேண்டும். ஆகையால் எண்ணெய் அதிகம் வேண்டாம். சில வாரங்களுக்குப்பின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தோலைத் தூக்கி உருட்டலாம். தினமும் ஐந்து நிமிடம் போதும். இழுப்பதுபோல் இருக்கலாம்; கடும் வலி வந்தால் நிறுத்திவிடவேண்டும். இதனோடு வயிற்றுத் தசைகளுக்குப் படிப்படியான பயிற்சியும் உண்டு. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை கற்றுக்கொடுத்தால், பிறகு வீட்டிலேயே செய்யலாம்.

எல்லா வலிக்கும் இது மருந்தல்ல. காய்ச்சல், சீழ், சிவந்த வீக்கம் இருந்தால் தொடாமல் மருத்துவரிடம் போகவேண்டும். இருமும்போது புடைப்பு தெரிந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். மாதவிலக்குதோறும் தழும்பில் ஒரு கட்டி வலித்தால், கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அங்கே வளர்ந்திருக்கக்கூடும். தொடையிடுக்கு வரை எரிச்சல் பாய்ந்தால் நரம்பு சிக்கியிருக்கலாம். அதற்கு ஊசி மருந்து தேவைப்படலாம்.

அந்தச் சகோதரி சில வாரங்கள் பயிற்சி செய்து திரும்பி வந்தார். மரத்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது என்றார். ஆனால் இடுப்பில் குழந்தை இருந்தது. "இப்போது நானே தூக்கிக்கொண்டு வருகிறேன், ஐயா" என்றார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒரு தாய் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்புவதைக் கண்டால், பொறுத்துக்கொள் என்று சொல்லாதிருங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். நாங்களும் இப்பொழுது அப்படியே கேட்கிறோம்.