காலங்குலத்துக்கு ஓரடி: மாதிரிக் கப்பலும் கடற்படை வரலாறும்

கடற்படை என்பது கோட்டைப்பட்டினத்தில் புத்தகச் சொல் அல்ல. 'நேவிக்காரன் புடிச்சிட்டான்' என்று கரையில் யாராவது சொன்னால் அது இலங்கைக் கடற்படைதான். அடுத்த கேள்வி எத்தனை படகு, எத்தனை பேர் என்பதுதான். 2021 அக்டோபரில் எங்கள் ஊர்ப் படகு ஒன்று அந்தக் கடற்படையின் கலத்தோடு மோதி மூழ்கியது. போன மூவரில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கடற்படை வரலாறு படிப்பதும், படித்த கையோடு மரத்துண்டுகளை இழைத்துக் கப்பல் மாதிரி செய்யப் பழகுவதும் தோழர்கள் பலருக்கு விசித்திரமாகப் படுகிறது. 'ரிட்டையர் ஆன ஆபீசருங்க செய்யிற வேலையில்ல இது?' என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த வேலைக்குள் கிடக்கும் அரசியலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

மாதிரிக் கப்பல் பிறந்த இடம் அதிகாரத்தின் மேசை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடற்படை வாரியத்துக்காகச் செய்யப்பட்ட மாதிரிகளில் நீர்மட்டத்துக்குக் கீழே பலகை அடிக்காமல் விட்டிருப்பார்கள். உள்ளே வங்குகள் விலா எலும்புகள் மாதிரித் தெரியும். கடலைப் பாராதவனும் கப்பலை மேலிருந்து பார்க்கலாம், திருப்பலாம், 'சரி, கட்டு' என்று உத்தரவு போடலாம். பார்வையும் அளவும் உத்தரவும் ஒரே பொருளில் கூடிவிடுகின்றன. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் அடைபட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள், சாப்பாட்டில் வந்த இறைச்சி எலும்பைச் சேர்த்துவைத்து, சீவி, நுணுக்கமான போர்க்கப்பல் மாதிரிகளைச் செய்து சிறைச் சந்தையில் விற்றார்கள். வரைபடம் கிடையாது, ஞாபகம்தான். இன்று அருங்காட்சியகங்களில் இந்த இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கலாம். ஆனால் ஒன்று உத்தரவின் பிரதி, மற்றொன்று பட்டினியின் பிரதி.

நம் பக்கம் வருவோம். 'சோழர் கப்பல்' என்று சொல்லிக் காட்டப்படும் மாதிரிகளையும் படங்களையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன்னால் புலித்தலை, பக்கவாட்டில் துடுப்பு வரிசை, பெரும்பாலும் ஐரோப்பியப் போர்க்கப்பலைப் போல் உயர்ந்த பின்கட்டு. ராஜேந்திரன் 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தான் என்பதற்குக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கலங்களின் ஏராக்கட்டை எத்தனை கோல், பலகைகள் தைக்கப்பட்டவையா ஆணி அடிக்கப்பட்டவையா என்று கல்வெட்டு சொல்லவில்லை. படிக்கிறபோது இந்த இடைவெளி உறுத்தாது. 'பல கலம் செலுத்தி' என்றதும் மனம் தானாகவே கப்பலைக் கட்டிக்கொள்ளும். உளியைக் கையில் எடுத்தால்தான் மாட்டிக்கொள்வோம். ஒவ்வொரு பலகைக்கும் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுகளில் எது சான்று, எது ஆசை என்பது மரத்தில் பச்சையாகத் தெரிந்துவிடும்.

சான்றுகள் இல்லாமலில்லை. சாதவாகனர் நாணயத்தில் இரு பாய்மரக் கப்பல் இருக்கிறது. எங்கள் கரைக்குத் தெற்கே வைகை முகத்துவாரத்துக்குப் பக்கத்திலுள்ள அழகன்குளத்தில் கிடைத்த பானையோட்டில் ஒரு கப்பலைக் கீறியிருக்கிறார்கள். அதை ரோமானிய வணிகக் கப்பல் என்று அடையாளம் கண்டார் கடல் வரலாற்றாசிரியர் லயனல் காசன். திருப்புடைமருதூர்க் கோபுரச் சுவரோவியத்தில் குதிரை ஏற்றிவரும் கப்பல் உண்டு. கேரளத்தில் சேர்த்தலைக்குப் பக்கத்தில் தைக்கல்–கடக்கரப்பள்ளியில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழங்கலத்தையே தோண்டி எடுத்தார்கள். இவற்றில் எதுவும் புலித்தலைச் சோழக் கப்பல் அல்ல. இந்தியக் கடற்படை அஜந்தா ஓவியமொன்றை வைத்துத் தையல் கப்பல் கட்டி 2025இல் 'கௌண்டின்யா' என்று பெயரிட்டது. அதற்கும் வரைபடம் கிடையாது. ஓவியத்திலிருந்து உருவத்தை ஊகித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் மாதிரியை நீரில் சோதித்த பிறகே கட்டினார்கள். அங்கும் மாதிரிதான் வழக்கைத் தீர்த்து வைத்தது.

சந்தையில் கிடைக்கும் மாதிரித் தொகுப்புகளைப் பாருங்கள்: நெல்சனின் 'விக்டரி', அமெரிக்காவின் 'கான்ஸ்டிட்யூஷன்'. பீரங்கி இருந்தால்தான் கப்பல். ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கும் 'டிரிங்கோமலி'கூடப் பம்பாயில் வாடியாக்களின் தளத்தில் மலபார்த் தேக்கில் 1817இல் கட்டப்பட்டதுதான். லண்டனிலிருந்து அனுப்பிய வரைபடம் வழியில் 'ஜாவா' கப்பலோடு அழிந்துபோக, மறுபடி அனுப்பினார்கள். உளி பிடித்தவர்கள் இந்தியத் தச்சர்கள். அந்தக் கைகளுக்கு எந்தத் தொகுப்பிலும் பெயரில்லை.

பாக் நீரிணைக் கலங்களைப் பதிவு செய்தவர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். 1840களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எத்மோன் பாரி, தான் பயணத்தில் பார்த்த சோழமண்டலத் தோணிகளை வரைந்து வெளியிட்டார்; பிறகு பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பேற்று, இப்படிப்பட்ட கலங்களுக்கு மாதிரிகளும் செய்வித்தார். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகள் குறித்து எழுதியதில், இந்தப் பகுதியின் மூன்று பாய்மரக் கலமொன்று வருகிறது. காற்று சாய்க்கும்போது சமன்செய்ய, குறுக்கே நீட்டிய நீளப் பலகையில் ஆட்கள் போய் உட்காருவார்கள். அவர் காதில் விழுந்த சொல் எதுவோ, அச்சில் அதன் பெயர் 'கள்ள தோணி'.

இந்த இடத்தில் நின்றுவிட்டேன். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இலங்கையில், மலையகத் தமிழர்கள் உட்பட, எத்தனை லட்சம் பேர் மேல் எறியப்பட்ட வசை அது! மீனவரும் வியாபாரியும் உறவுக்காரரும் போய்வந்த நீர்ப்பரப்பு, 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பிறகு கோடாகிவிட்டது. கோடு வந்த பிறகுதான் தோணி கள்ளத்தோணி ஆகிறது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்க முடியாது: எங்கள் விசைப்படகுகளின் இழுவைமடி அக்கரைத் தமிழ் மீனவரின் வலைகளை வாரிக்கொண்டு போயிருக்கிறது. 'தொப்புள்கொடி உறவு' என்று மேடையில் பேசிவிட்டு இதை மட்டும் விழுங்கிவிடுவது நேர்மையல்ல.

ஆகவே நான் எடுத்துக்கொண்டது போர்க்கப்பல் அல்ல. அக்கரையில், வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட 'அன்னபூரணி'. இரு பாய்மரச் சரக்குக் கப்பல், 89 அடி நீளம், 19 அடி அகலம். ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மனைவியின் பெயரை வைத்தார். ஓட்டிப்போனவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள். 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

காலங்குலம் ஓரடி என்று அளவு வைத்தால், அதாவது நாற்பத்தெட்டில் ஒன்று என்றால், நீளம் 22¼ அங்குலம், அகலம் 4¾ அங்குலம். ஐந்தரை அடி ஆள் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. ஓர் அங்குலக் கயிறு அரை மில்லிமீட்டர் நூலாகிவிடும். முதலில் ஏரா. அதன்மேல் வங்குகளுக்குப் பதிலாகப் பிளைவுட்டில் அறுத்த குறுக்குச் சட்டங்கள். ரீப்பர் துண்டிலிருந்து கீறிய மெல்லிய பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தையே முடித்தால் ஏரா முறுக்கிக்கொள்ளும். அணியத்தில் பலகைகளின் அகலத்தைக் குறைத்துச் சீவாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பிறகு உப்புத்தாள். ஆணிக்கு மூங்கில் சீவல். ஃபெவிகால் காயும் நேரம்தான் படிக்கும் நேரம்.

உடலின் வளைவுக்குப் புகைப்படம் போதாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகுகள் கரையேறிக் கிடக்கும். அடிப்பாகம் முழுசாகத் தெரியும். அப்போது ஓடாவி ஒருவரிடம் வரைபடம் எதுவும் உண்டா என்று கேட்டேன். 'தாள்ல என்ன இருக்கு தம்பி? ஏராவ வச்சாச்சுன்னா மத்தது அதுவே சொல்லும்' என்றார். கோலளவு, நடுவங்கின் விரிவு, அணியம் எவ்வளவு தூக்க வேண்டும் என்ற விகிதங்கள் அவர் நினைவில்தான் இருக்கின்றன. 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அச்சிட்ட 'கப்பல் சாத்திர'த்தில் மரக் குறியும் நாள் பலனும் இருக்கின்றன. இவர் கையிலிருப்பது இன்னும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இழைப்படகும் இரும்புப் படகும் வந்த பின் புதிய மரப்படகு வேலை இவருக்கு அரிதாகிவிட்டது.

ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன். சான்றுள்ள பகுதி தேக்கு. ஓடாவியின் விகிதத்திலிருந்து நான் ஊகித்த பகுதி மஞ்சணத்தி. சாயம் கிடையாது. பார்ப்பவருக்கு எது தெரியும், எது ஊகம் என்று நிறமே சொல்லிவிடும். 'சோழர் கப்பல்' செய்கிறவர்களும் இந்த விதியை எடுத்துக்கொண்டால் கப்பல் முழுக்க மஞ்சளாகத்தான் வரும். என்னுடையதிலும் மஞ்சள்தான் இப்போது கூடுதல். பாய்மரங்களும் பருமல்களும் தேக்கு, பின்பலகையும் தேக்கு. அந்தப் பலகையில் இரண்டு பெயரில் எதை எழுதுவது என்று நண்பர்களுக்குள் சண்டை நடக்கிறது. நான் 'அன்னபூரணி' என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன், இன்னும் செதுக்கவில்லை.