வியட்நாம் கல்லூரிச் சேர்க்கையில் ஆங்கிலத் தேர்வு
வியட்நாமில் பள்ளியிறுதித் தேர்வும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வும் 2015-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஆங்கிலத் தாளில் தொடக்கத்தில் எழுதுவதற்கும் ஒரு பகுதி இருந்தது. 2017 முதல் அது நீக்கப்பட்டு, 60 நிமிடங்களில் 50 கொள்குறி வினாக்கள் மட்டுமே கேட்கப்பட்டன. உச்சரிப்பைக்கூட மாணவர் வாய் திறவாமல், நான்கு சொற்களுள் ஒலி வேறுபடுவதைக் குறித்தே காட்ட வேண்டியிருந்தது. கேட்டலுக்கும் பேச்சுக்கும் மதிப்பெண் இல்லாததால் வகுப்பறையிலும் அவை பின்தங்கின.

ஐஇஎல்டிஎஸ் சான்றிதழை மதிப்பெண்ணாக மாற்றி ஏற்கும் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. அத்தேர்வு நான்கு திறன்களையும் சோதிக்கிறது. ஆனால் அதன் கட்டணமும் பயிற்சிச் செலவும் வசதியுள்ள நகரக் குடும்பங்களுக்கே எளிது. 2025 முதல் பொதுத்தேர்வில் கணிதமும் இலக்கியமும் மட்டுமே கட்டாயம். ஆங்கிலம் விருப்பப் பாடமானது. 50 நிமிடங்களில் 40 வினாக்கள். உச்சரிப்பு வினாக்களும் நீங்கின.