ஆற்று வண்டலில் நுண் பிளாஸ்டிக் – ஆய்வுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் முறை

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆற்று வண்டலில் நுண் பிளாஸ்டிக்கை ஆராய்வோருக்கும் இதே கவலை உண்டு. இடம் தவறினால் முடிவும் தவறிவிடும். அந்த வண்டல் வாய்க்கால் வழியே உங்கள் வயலுக்கும் வருவதால் இது உங்களுக்கும் வேண்டிய செய்தியாகும்.

5 மில்லி மீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துணுக்குகளே நுண் பிளாஸ்டிக் எனப்படும். துணி இழை, நைந்த சாக்கின் நூல், கிழிந்த நிலப்போர்வைத் தாள் யாவும் இதில் சேரும். நீரில் மிதக்கும் பாலித்தீன் துணுக்குகூட, பாசியும் களியும் ஒட்டிக் கனத்து அடியில் இறங்கக்கூடும்.

நீரோட்டம் தளரும் இடங்களில், அதாவது ஆற்று வளைவின் உட்புறம், கதவணையின் மேற்புறம், நாணல் மறைவு ஆகியவற்றில் மென்வண்டலோடு இவையும் தங்குகின்றன. ஆகவே ஓரிடத்தில் களியையும் மற்றோரிடத்தில் பருமணலையும் எடுத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

நொய்யல் காவிரியில் கலக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். கோவை, திருப்பூர் நகரங்களின் கழிவுநீர் நொய்யலில் சேருகிறது. கூடுதுறைக்கு மேலே காவிரியில் ஓரிடம், நொய்யலில் ஓரிடம், கூடுதுறைக்கு நெடுந்தொலைவு கீழே ஓரிடம் என மூன்றாவது வேண்டும். கூடுதுறையை ஒட்டியே எடுத்தால் நீர் முழுதும் கலந்திராது. நொய்யல் நீர் வலக்கரையை ஒட்டியே ஓடும். அங்கு ஒரு கரையில் மட்டும் எடுத்த மாதிரியை நம்பலாகாது.

காலமும் முக்கியம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பகுதியின் 10 ஆறுகளில் 40 இடங்களை ஆராய்ந்தனர். 2015-16 குளிர்காலப் பெருவெள்ளம், ஆற்றுப் படுகையிலிருந்த நுண் பிளாஸ்டிக்கில் சுமார் 70 விழுக்காட்டை அடித்துச் சென்றுவிட்டது 2018-ல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது. எனவே வெள்ளத்திற்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் எடுத்தல் வேண்டும். கோடையில் மட்டும் இறங்க முடிகிற இடம் இதற்கு உதவாது.

மணல் அள்ளிய பள்ளம் எது, சாக்கடை விழும் இடம் எது என்பதைக் கரையோர உழவரைவிட நன்கறிந்தவர் இல்லை. வரைபடத்தில் இவை பெரும்பாலும் இரா. ஆய்வுக் குழுவினர் உங்கள் ஊருக்கு வந்தால் இவற்றைச் சொல்லி உதவுங்கள். நீங்களே மாதிரி எடுக்க நேர்ந்தால் மேல் 5 செ.மீ. வண்டலை இரும்புக் கரண்டியால் எடுத்துக் கண்ணாடிச் சீசாவில் இடவும். பாலித்தீன் பை கூடவே கூடாது.