தூதனைத் தண்டிக்கலாமா?

தூது வந்தவனைக் கொல்வது தர்மமல்ல என்று இலங்கைச் சபையிலே விபீஷணன் எடுத்துரைத்த கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். ஆயினும், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் கனவான்களில் பலர் அந்தத் தர்மத்தைத் தாராளமாக மீறி வருகிறார்கள். வண்டி மக்கர் செய்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுகிறார்கள். அதில் கரி படிந்திருப்பதைக் காண்கிறார்கள். உடனே தூர எறிந்துவிட்டுப் புதியது ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். எஞ்சினுக்குள்ளிருந்து அது என்ன செய்தி கொண்டு வந்தது என்று மட்டும் விசாரிப்பதில்லை.

நாமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தோம். நம்மைத் திருத்தியது ஒரு ராஜ்தூத் வண்டி. ராஜதூதன் என்பதே அந்தப் பெயரின் பொருள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம்மிடம் முன்பு படித்த மாணாக்கர் ஒருவர் ராஜ்தூத் 350 வண்டியை ஏறக்குறைய தள்ளிக்கொண்டே நம் வாசலுக்கு வந்து சேர்ந்தார். 1986-இல் அவருடைய தகப்பனார் வாங்கிய வண்டி. தகப்பனார் இப்போது இல்லை.

"ஸார், எஞ்சின் போய்விட்டதாம். பிரித்து, போர் போட்டு, பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகை என்னிடம் இல்லை. இப்படியே கொடுத்தால் எடுத்துக்கொள்ள ஒருவர் காத்திருக்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்றார்.

"விற்பதற்கு முன்னால் பிளக்கைப் பார்த்தாயா?" என்றோம்.

"கரியாக இருந்தது ஸார். துடைத்து மாட்டினேன்."

தூதனின் வாயைத் துடைத்து அனுப்பிவிட்டார்!

ராஜ்தூத் 350 என்பது ஜப்பானிய யமஹா ஆர்.டி. 350 வண்டியைத் தழுவி, எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் 1983 முதல் இந்நாட்டில் தயாரித்து வந்த வண்டி. தயாரிப்பு நின்று வெகுகாலமாகியும் அதைப் போற்றிப் பாதுகாப்பவர்கள் இருக்கிறார்கள். 347 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கார்புரேட்டர், காயில், பிளக், ஸைலென்ஸர் எல்லாம் உண்டு. ஒரு வீட்டில் வளரும் இரட்டைப் பிள்ளைகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால், மற்றப் பிள்ளையைப் பார்த்தே நோயைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

முதலில், நோய் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது கிளப்பி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, இரண்டு புகைக்குழாய்களின் மீதும் சில துளி தண்ணீர் தெளித்தோம். இடப்பக்கத்தில் தண்ணீர் "சுர்" என்று ஆவியாயிற்று. வலப்பக்கத்தில் சாதுவாக வழிந்து ஓடியது. வலது சிலிண்டர் வேலை செய்யவில்லை.

பிறகு எஞ்சினை மீண்டும் ஆறவிட்டு, இரண்டு பிளக்குகளையும் கழற்றி அருகருகே வைத்தோம். சிலிண்டரின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. சூடாக இருக்கும்போது பிளக்கை முறுக்கினால் மரை அழிந்துவிடும். திரும்ப மாட்டும்போதும் முதற் சில சுற்றுக்களைக் கையாலேயே திருக வேண்டும்.

பிளக்கின் மூக்கிலே வெள்ளைப் பீங்கான் ஒன்று இருக்கிறது. அதன் நிறமே தூதன் கொண்டு வரும் ஓலை. காய்ந்த மரப்பட்டைபோல் பழுப்பாக இருந்தால் சௌக்கியம். காய்ந்த கரி மைபோல் ஒட்டியிருந்தால், காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் சேர்கிறது என்று பொருள். கரியோடு எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் இருந்தால் எண்ணெய் மிகுதி. சுண்ணாம்புபோல் வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அபாயம்: பெட்ரோல் போதாமலோ வேறு காரணத்தாலோ உள்ளே சூடு மீறுகிறது, பிஸ்டனுக்கே ஆபத்து வரலாம். நம் முன் இருந்த இரண்டில் இடது பிளக் பழுப்பு. வலது பிளக்கிலோ, விரலால் தொட்டால் கண்மைபோல் ஒட்டிக்கொள்ளும் காய்ந்த கரி.

கரி படிந்தால் வண்டி ஏன் நிற்கிறது? பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் 10,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி அனுப்புகிறது. அந்த மின்சாரம் பிளக்கின் நுனியில் உள்ள இடைவெளியைத் தாண்டிக் குதித்தால்தான் பொறி உண்டாகும். இந்த வண்டியில் அந்த இடைவெளி 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர். ஆனால் கரியும் மின்சாரத்திற்கு வழிவிடும் பொருள். சுலபமான வழி ஒன்று கிடைத்தபின் யார்தான் சிரமப்பட்டுத் தாண்டுவார்கள்? மின்சாரம் பீங்கான்மேல் படிந்த கரி வழியாக நழுவிப் போய்விடுகிறது. பொறியும் இல்லை, ஓட்டமும் இல்லை.

அடுத்து, இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றி மாட்டினோம். இரட்டைச் சிலிண்டர் வண்டியில் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட எளிதும் சிறந்ததும் இல்லை, காலணாச் செலவில்லை. கோளாறு வலப்பக்கத்திலேயே நின்றிருந்தால் காயிலையோ பாயிண்டையோ பிஸ்டனையோ சந்தேகிக்கலாம். ஆனால் கோளாறு பிளக்கோடு கூடவே இடப்பக்கம் போய்விட்டது! செத்ததாகச் சொல்லப்பட்ட வலது சிலிண்டர், நல்ல பிளக் கிடைத்ததும் கணீரென்று ஓடிற்று. ஐயம் தீர, இரவல் வாங்கிய கம்ப்ரஷன் மானியால் இரு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தோம். இரண்டும் அநேகமாகச் சமம். எஞ்சினைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

புதுப் பிளக் ஒன்றை மாட்டிக்கொண்டு அவர் மகிழ்ச்சியோடு புறப்பட்டார். மூன்றே நாளில் திரும்பி வந்தார். வலது பிளக் மறுபடியும் கரி. தூதன் இரண்டாம் முறையும் அதே ஓலையைக் கொண்டு வந்து நின்றான்.

சூட்டை அதிகமாகத் தன்னிடமே தேக்கி வைத்துக்கொள்ளும் 'ஹாட்' பிளக்கை மாட்டினால் கரி எரிந்துவிடும் என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரி ஸெண்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் கரி தானாகவே எரிந்துபோவது உண்மைதான். ஆனால் 800 டிகிரியையும் வெகுவாகத் தாண்டிவிட்டால், பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனைப் பாழாக்கும். பிளக்கின்மேல் உள்ள எண்ணிலும் ஒரு பொறி உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் உயர உயரக் குளிர்ச்சி; பாஷ் பிளக்கிலோ எண் உயர உயரச் சூடு. இதை அறியாமல் மாற்றுவது வியாதி தெரியாமல் மருந்து கொடுப்பதே ஆகும்.

ஆகவே காரணத்தைத் தேடினோம். காற்று வடிகட்டி இரண்டு சிலிண்டருக்கும் பொது. அது அடைத்திருந்தால் இரண்டு பிளக்குகளுமே கறுத்திருக்க வேண்டும். கியர் பெட்டியின் எண்ணெய் வலப்பக்கத்துச் சீல் வழியாகக் கசிந்திருந்தால் பிளக் பிசுபிசுத்திருக்கும். பெட்டியில் எண்ணெயும் குறைந்திருக்கும். இரண்டும் இல்லை. எஞ்சியது வலது கார்புரேட்டர். அதன் கிண்ணத்தைத் திறந்தோம். பெட்ரோல் மட்டம் உயர்ந்ததும் வழியை அடைக்க வேண்டிய சிறிய ஊசியின் கூம்பிலே, தேய்ந்துபோன வளையம் ஒன்று தெரிந்தது. ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் ஓயாமல் மிஞ்சிக்கொண்டிருந்தது. வெகுகாலம் உழைத்ததன் தேய்மானம். யாருடைய குற்றமும் அல்ல. ஊசியும் அது உட்காரும் இருக்கையும் சேர்ந்து ஒரு நல்ல பேனாவின் விலைதான்.

பள்ளிக்கூடத்திலும் இதையே காண்கிறோம். பையன் குறைந்த மார்க்குப் பட்டியலோடு வீட்டுக்குப் போனால், பட்டியலைக் கிழித்தெறியும் பெற்றோர் உண்டு. பையனுக்குக் கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்பவர் சிலரே.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். கேட்காமலே இரு பிளக்குகளையும் கழற்றிக் காட்டினார். இரண்டும் ஒரே பழுப்பு. வண்டியை விற்கவில்லை. அன்று மாலை வீட்டுத் தெருவில் திரும்பியபோது, உள்ளே இருந்த தாயார் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்துவிட்டாராம்.

"ஒன்றும் சொல்லவில்லை ஸார். கேட்டை மட்டும் திறந்துவிட்டார்" என்றார்.