கந்தகத்தை உண்டு வாழும் நுண்ணுயிர்கள்

பண்டசோழநல்லூர் போன்ற நெல் விளையும் ஊர்களில் வாழும் மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நீர் தேங்கிய வயலின் அடிச்சேற்றைக் கிளறினால், சில வேளைகளில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவே அதற்குக் காரணம். கந்தகம் கலந்த இந்த வாயு நமக்கு நஞ்சு. ஆனால் சில நுண்ணுயிர்களுக்கு இதுவும் இதைப் போன்ற கந்தகச் சேர்மங்களுமே உணவு! அவற்றுள் சில, கை வைக்க முடியாத சுடுநீரில் வாழ்கின்றன.

ஒடிசாவில் புவனேசுவரத்துக்கு அருகே அத்ரி என்னும் ஊரில் கந்தக வெந்நீர் ஊற்று ஒன்று உள்ளது. அதன் வண்டலிலிருந்து பிரித்தெடுத்த புதிய பாக்டீரியா ஒன்றுக்கு 2009-ஆம் ஆண்டில் 'தையோமோனாஸ் புவனேஸ்வரென்சிஸ்' என்று பெயரிட்டனர். ஓரளவு வெப்பத்தை விரும்பும் இது, தையோசல்பேட் என்னும் கந்தகச் சேர்மத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது.

சக்தி எப்படிக் கிடைக்கிறது?

முதலில் நம் உடலைப் பார்ப்போம். சோற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் எலெக்ட்ரான்களை நம் செல்கள் பிரித்து, படிப்படியாகக் கைமாற்றி, முடிவில் ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன. உயரத்திலிருந்து இறங்கும் நீர் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, இறங்கிவரும் எலெக்ட்ரான்களின் சக்தி ஏ.டி.பி. என்னும் பொருளாகச் சேமிக்கப்படுகிறது. கந்தக நுண்ணுயிர்களிலும் இதே முறைதான். சர்க்கரைக்குப் பதில் கந்தகச் சேர்மம் எலெக்ட்ரான்களைத் தருகிறது. கழிவாகச் சல்பேட் வெளியேறுகிறது. இவற்றுள் பல, இந்தச் சக்தியைக் கொண்டே கரியமில வாயுவிலிருந்து தம் உடற்பொருளை ஆக்கிக்கொள்கின்றன. அதற்கு ஒளி தேவையில்லை. கந்தகத்தால் உயிர் வாழலாம் என்பதை 1887-இல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி எடுத்துக்காட்டினார்.

கொதிநீரில் முட்டையின் வெள்ளைக்கரு உறைந்துவிடுகிறது. அப்படியானால் இவற்றின் புரதங்கள் மட்டும் ஏன் கெடுவதில்லை? அவை இறுக்கமாக மடிந்து, பல பிணைப்புகளால் கட்டுண்டிருப்பதே காரணம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் தாமஸ் பிராக் குழுவினர் கண்டு 1972-இல் விவரித்த 'சல்போலோபஸ்', 75 முதல் 80 டிகிரி செல்சியஸில் செழிக்கிறது. கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கி, அந்த அமிலத்திலேயே வாழ்கிறது! பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும், இது ஆர்க்கியா என்னும் வேறு பிரிவைச் சேர்ந்தது.

சூரியன் வேண்டாமா?

'இவற்றுக்குச் சூரியனே தேவையில்லையோ?' என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள். இவை பயன்படுத்தும் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் பசுந்தாவரங்களும் பாசிகளும் தந்ததே அது. ஆகவே சூரியனுக்கு இவையும் மறைமுகமாகக் கடன்பட்டவையே.

இந்தக் கடனும் இல்லாத உயிர் உண்டு. இத்தாலியின் வல்கானோ தீவையொட்டிய கடலடி வெந்நீரில் கிடைத்த 'பைரோடிக்டியம்' என்னும் ஆர்க்கியா, சுமார் 105 டிகிரியில் நன்கு வளர்கிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டாம். ஹைட்ரஜனின் எலெக்ட்ரான்களைக் கந்தகத்திடம் சேர்த்தே சக்தி பெறுகிறது. இங்கே கந்தகம் எலெக்ட்ரான்களைத் தருவதில்லை, பெற்றுக்கொள்கிறது. அப்போது உண்டாகும் கழிவு எது தெரியுமா? வயற்சேற்றில் நாற்றம் வீசும் அதே ஹைட்ரஜன் சல்பைடுதான்!