உணவுக்கடையில் மின்சாரத் தோசைக்கல்

தமிழர் குடியேறிய இடமெல்லாம் அவரோடு தோசைக்கல்லும் குடியேறியிருக்கிறது. கோலாலம்பூரிலும் மும்பையிலும் காணும் அக்காட்சியை அந்தமானின் டாலிகஞ்சிலும் காணலாம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரைச் சேர்ந்த பகுதி இது. இங்கே ஒரு சிறு உணவுக்கடையை நம்பியே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அக்கடைகளில் எரிவாயு அடுப்புக்குத் துணையாக மின்சாரத் தோசைக்கல்லும் பரோட்டாக் கல்லும் புகுந்துவரும் இந்நாளில், அவற்றின் உயிர்நிலையான காயிலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம். காயில் எரிந்துபோனால் புதியது கப்பலில் வரும்வரை காலைப் பலகாரம் நின்றுவிடும். காயில் பழுதுற்றுக் கல்லில் மின்சாரம் பாய்ந்தாலோ, மாவு ஊற்றுபவரின் உயிருக்கே தீங்கு.

மின்னோட்டம் செல்லும் கம்பி சூடாகும் முறையை 1841-இல் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். எனினும் நெடுநாள் சிவந்து எரிந்தும் அழியாத கம்பி கிடைக்கவில்லை. 1906-இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிக்கு உரிமம் பெற்ற பின்னரே மின்னடுப்புகள் பெருகின. இக்கலவை சூடேறும்போது அதன் மேல் குரோமிய ஆக்சைடு மெல்லிய தோல்போற் படர்ந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. பின்னர்ச் சுவீடன் நாட்டில் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தால் கம்பி வந்தது. அது இன்னும் மிகுதியான வெப்பத்தைத் தாங்கும். ஆனால் ஒருமுறை நன்கு காய்ந்தபின் நொறுங்கும் தன்மை அடைவதால், அதனை மீண்டும் வளைத்து முறுக்குதல் அரிது.

திறந்த காயிலைப் பீங்கான் பள்ளத்தில் பதித்து, மேலே கல்லை வைப்பது பழைய முறை. எண்ணெயும் உப்புநீரும் சிந்தும் அடுக்களைக்கு அது ஏற்றதன்று. அறுந்த காயிலின் இரு முனைகளையும் இழுத்து முறுக்கிவிடும் வழக்கம் பல கடைகளில் உண்டு. அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காயிலில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மின்தடையும் அவ்வளவே குறையும். மின்னோட்டம் ஏறும். எஞ்சிய கம்பியின் ஒவ்வோர் அங்குலமும் முன்னிலும் ஏறக்குறைய 23 சதவீதம் மிகுந்த வெப்பத்தைச் சுமக்க நேரிடும். ஆகவே ஒட்டுப்போட்ட காயில் விரைவில் மீண்டும் அறுவதில் வியப்பில்லை.

இதனினும் சிறந்தது குழாய்க் காயில். உலோகக் குழாயின் நடுவே நிக்ரோம் சுருளை வைத்து, சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடியை நிரப்பி, குழாயை அழுத்திச் சிறுக்கச் செய்வர். அப்பொடி வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் என்பதே அதன் குறை. ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தமானில் இது சிறு குறையன்று. சில நாள் கடையை மூடிவிட்டுத் திரும்பி வந்து விசையைப் போட்டவுடன் மின்கசிவுக் காப்பு விசை விழுந்துவிடுகிறது என்று சொல்வோர் பலர். குழாயின் முனை வழியே புகுந்த ஈரம் அதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

அவ்வேளையில் சிலர் காப்பு விசையை நீக்கிவிட்டு மின்கம்பியை நேரே இணைத்துவிடுகின்றனர். இதனை எவ்வகையிலும் செய்யலாகாது. கசியும் மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் மின்சாரத்தைத் துண்டிக்கவே அவ்விசை இருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று இரும்புக் கரண்டியால் கல்லைச் சுரண்டும் தொழிலாளிக்கு அதுவே காவல். நிலத்தொடர்புக் கம்பியும் கல்லின் சட்டத்தோடு உறுதியாக இணைந்திருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து மெக்கர் கருவியால் காயிலைச் சோதிக்கச் செய்க. அளவு 1 மெகா ஓமுக்குக் குறைவாயின், காயிலைக் கழற்றி மிதமான சூட்டில் பல மணி நேரம் உலர்த்தி, மீண்டும் அளந்து, முனைகளைச் சிலிக்கோன் பசையால் அடைத்த பின்னரே பொருத்த வேண்டும்.

குழாயின் உலோகமும் கருதத்தக்கது. சாதாரணத் துருப்பிடிக்காத எஃகு, உப்பு பட்ட இடத்தில் சிறு குழிகளாக அரிக்கப்படும். கடற்காற்றுக்கும் உப்பு கலந்த மாவுக்கும் இடையே வேலை செய்யும் காயிலுக்கு, நிக்கல் மிகுந்த இன்கலாய் குழாய் கூடுதல் விலைக்குத் தக்க ஆயுளைத் தரும்.

அடுத்து, வெப்பம் பரவும் முறையைக் காண்போம். 8 மில்லிமீட்டர் தடிப்பும் 100 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயில் 2000 வாட்டு ஏற்றினால், புறப்பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 8 வாட்டைச் சுமக்கும். அதே ஆற்றலை 160 சென்டிமீட்டர் குழாயில் பரப்பினால் சுமை 5 வாட்டாகக் குறைந்து காயில் நீடிக்கும். குழாய் கல்லின் அடியில் இடைவெளியின்றிப் படிந்திருத்தலும் வேண்டும். இடையில் காற்று புகுந்தால் வெப்பம் கல்லுக்கு ஏறாமல் குழாயிலேயே தங்கி, கல் காயாதிருக்கக் காயில் எரிந்துபோகும். குழாயை அலுமினிய வார்ப்பினுள் பதித்துக் கல்லோடு இறுக்கினால் சூடு சீராகப் பரவும்; அலுமினியம் இரும்பைவிடப் பல மடங்கு வெப்பத்தைக் கடத்தவல்லது. அடிப்புறத்தில் இரண்டங்குலக் கனத்திற்குக் கனிமக் கம்பளி இட்டால் கீழே வீணாகும் வெப்பம் குறையும்.

ஒரே பெருங்காயிலைவிட, 2000 வாட்டுக் காயில்கள் மூன்றைத் தனித்தனி விசையோடும் வெப்பக் கட்டுப்பாட்டோடும் அமைப்பதே மேல். கூட்டமில்லாத பிற்பகலில் ஒரு பகுதியை மட்டும் சூடாக்கலாம். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் கடையைக் காப்பாற்றும்.

மாலையில் ‘கல் காயவில்லை’ என்று குறைகூறுவோர், காயிலைக் குறைகூறுமுன் மின்னழுத்தத்தை அளந்து பார்க்கவேண்டும். 230 வோல்ட்டுக்குச் செய்த 2000 வாட்டுக் காயில், 200 வோல்ட்டில் ஏறத்தாழ 1500 வாட்டே தரும். ஆகவே வாங்குமுன் கடையில் மாலை நேர அழுத்தம் எவ்வளவு என அறிந்து, அதற்கேற்பக் காயில் செய்யச் சொல்லலாம். ஆனால் அழுத்தம் மீண்டும் உயர்ந்தால் அது கூடுதலாகக் காயும் என்பதால், கட்டுப்பாட்டுக் கருவி இன்றியமையாதது.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் அரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த கனமும் உள்ள இரும்புக் கல் ஏறக்குறைய 50 கிலோ எடையிருக்கும். அதனை 200 பாகை வரை சூடேற்ற 1 யூனிட்டுக்குச் சற்று மிகுதியாகவே மின்சாரம் வேண்டும். ஒரு தோசை வேகவோ, கணக்குப்படி ஒரு யூனிட்டின் முப்பதில் ஒரு பங்கே போதும். கல்லை வெறுமனே காயவிட்டு வாடிக்கையாளரை எதிர்நோக்கும் நேரமே பணத்தைத் தின்கிறது என்பது இதனால் விளங்கும்.

இத்தீவுகளில் அச்செலவு கடைக்காரரோடு முடிவதில்லை. இங்கு மின்சாரத்தின் பெரும்பங்கு, கப்பலில் வரும் டீசலிலிருந்து பிறக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட்டு வெப்பம் உண்டு. எந்திரத்தின் வழியே மின்சாரமாகக் கைக்கு வருவது 4 யூனிட்டுக்கும் குறைவே. அந்நிலையில் சமையலுக்கு எரிவாயுவை நேரே எரிப்பதே எரிபொருட் சிக்கனம். ஆயினும் நெய்வேலி நிறுவனம் டாலிகஞ்சிலும் அட்டம்பகாட்டிலும் அமைத்த 20 மெகாவாட்டுச் சூரிய மின்நிலையம் 2020-இல் நிறைவுற்றது. அதனோடு மின்சாரத்தைச் சேமிக்கும் கலங்களும் உள்ளன. நிலக்கரி தோண்டிய தமிழகத்து நிறுவனம் இங்கு வெயிலை மின்சாரமாக்குவது நமக்குப் பெருமையே. வெயில் மிக்க பகற்பொழுதில் மின்கல்லையும், இரவில் எரிவாயுவையும் பயன்படுத்துதல் நாட்டிற்கும் நன்று.

ஆகவே மின்கல் வாங்க எண்ணும் அன்பர்கள் விலையை மட்டும் கேளாமல், குழாயின் உலோகம் எது, நீளம் எவ்வளவு, முனை அடைக்கப்பட்டதா, உதிரிக் காயில் உடன் கிடைக்குமா என்று கேட்பார்களாக. ஓர் உதிரிக் காயிலை ஈரம் புகாத பெட்டியில் கடையிலேயே வைத்திருப்பின் கப்பலை எதிர்பார்த்து ஏங்க வேண்டியதில்லை. காப்பு விசையின் சோதனைப் பொத்தானைத் திங்கள்தோறும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. கல்லருகே நிற்பவர் நம் வீட்டுப் பிள்ளையாயினும் கூலிக்கு வந்தவராயினும், அவர் நலமே கடையின் முதல்.