நாலா, ஒன்பதா?

2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தில் 12,45,899 பேர். அன்று மாநிலத்தில் அறுபது கடந்தோர் நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல். அதே விகிதம் என்றால் இங்கே சுமார் 1,29,000. இந்திய முதியோரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் என்கிறது 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வு. பெருக்கினால் ஏறத்தாழ 9,500 பேர்.

மறதியைவிட வீட்டாரை வதைப்பது நடத்தைதான்: ராத்தூக்கம் கெடுவது, சந்தேகம், கத்தல், அடிக்க வருவது. அதை அளக்க உலகெங்கும் புழங்குவது 1994-இல் கம்மிங்ஸ் குழு தந்த என்.பி.ஐ. வினாப்பட்டியல். இன்றைய வடிவில் 12 தலைப்புகள். எத்தனை தடவை (1–4), எவ்வளவு கடுமை (1–3) என்று கூட இருப்பவரிடம் கேட்டு, இரண்டையும் பெருக்கி, எல்லாத் தலைப்புகளையும் கூட்ட வேண்டும். உச்சம் 144.

வம்பே இந்தப் பெருக்கலில்தான். மகள் சொன்னது 2×2, அதாவது 4. அடுத்த மாதம் மகன் வந்து 3×3 என்றால் 9. கேள்விக்கு ஒரு படிதான் ஏறியது. மதிப்பெண் இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. மொத்தத்தில் 4 புள்ளி குறைந்தாலே மருந்து பலித்தது என்று ஆய்வுகளில் கொள்வதுண்டு. இங்கே ஆள் மாறியதற்கே 5.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆள் மாறாமல் எப்படி? விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகும் மகள் பொழுது சாயத்தான் திரும்புவார். நோயாளிக்குப் பதற்றம் கூடுவதும் பெரும்பாலும் அந்நேரமே. பகலில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவோ, “அய்யா சும்மாதான இருந்தாரு” என்பார். இருவர் சொல்வதும் உண்மை. க.விலக்கு அரசு மருத்துவமனைக்குக் கூட வருவது அன்றைக்கு வேலைக்குப் போகாதவர்.

எழுதுபவரும் மாறுகிறார். இரண்டு செவிலியர் 100 முறை தனித்தனியே பார்த்து, ‘ஆக்ரோஷம் உண்டா’ என்பதில் 88 முறை ஒத்துப்போகிறார்கள் என்று வைப்போம். பிரமாதம்! ஆனால் இருவரும் தலா 10 முறைதான் ‘உண்டு’ என்றிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் 82 ஒத்துப்போயிருக்கும். இப்படித் தற்செயலாய் ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்க கோஹன் 1960-இல் வகுத்த கப்பா கணக்கில் மிஞ்சுவது வெறும் 0.33. அறிக்கையில் ‘88 விழுக்காடு’ கண்டால் கப்பா எவ்வளவு என்று கேட்பது நல்லது.

தப்புப் புள்ளிக்கு விலை உண்டு. மதிப்பெண் ஏறினால் மனச்சிதைவு மாத்திரை சீட்டில் ஏறக்கூடும். 2005-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது: சுமார் 10 வார ஆய்வுகளில் அதைச் சாப்பிட்ட மறதிநோயாளிகளில் இறந்தோர் 4.5 விழுக்காடு, வெற்று மாத்திரை சாப்பிட்டோரில் 2.6.

மாதம் ஒருமுறை, இருவரிடம், தலா 20 நிமிடம் கேட்டால் ஆண்டுக்கு ஒரு நோயாளிக்கு 8 மணி நேரம். அது முடியாத இடத்தில், யார் சொன்னார், பகலையா இரவையா, யார் எழுதினார் என்ற மூன்றையாவது மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.